காவல்மணி காணாதது

காலையில் மருத்துவமனைக் கதவைத் திறந்ததும் டாக்டர் நிலோபர் முதலில் சுவர்த்திரையைத்தான் பார்ப்பாள். மிதவூரில் வாழும் பெண்கள் அத்தனை பேருடைய பெயரும் அதில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, ஒப்புதல் பலகையில் விரலை வைத்து எடுப்பாள். பிறகு டீ போடப் போவாள். அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூடச் சிவந்ததில்லை.

பழைய கடற்கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு உருவான ஊர் மிதவூர். பெரிய பெரிய மிதவைகளை ஒன்றோடொன்று பூட்டி, தூத்துக்குடிக்குக் கிழக்கே நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதன் மேல் தெருக்கள், பள்ளிக்கூடம், மாதா கோவில், பள்ளிவாசல், பரோட்டாக் கடை எல்லாம் இருந்தன. அடியில், வெளிச்சம் எட்டும் ஆழத்தில், முத்துச்சிப்பித் தோட்டங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. காற்று பலமாக அடித்தால் மருத்துவமனையின் தரை லேசாக அசையும். காயல்பட்டினத்திலிருந்து வந்த நிலோபருக்கு முதல் மாதம் தலை சுற்றியது. இப்போது அசையாத தரையில் நின்றால்தான் ஏதோ குறைவது போலிருக்கும்.

அன்றைக்கு டீ ஆறுவதற்குள் ஜெனோவா வந்துவிட்டாள். சிப்பிக்குள் முத்துக்கரு வைக்கும் வேலை அவளுக்கு. உயிருள்ள சிப்பியை நோகாமல் கொஞ்சமாகத் திறந்து, பெருக்கிக்கண்ணாடி வழியே பார்த்து, சதைக்குள் ஒரு சின்னக் கீறல் போட்டு, கருவை உள்ளே வைத்து மூடுவாள். நிலோபரை விடக் கொஞ்சம் மூத்தவள். உரத்த குரல். அன்று அந்தக் குரல் தணிந்திருந்தது.

"டாக்டரம்மா, கதவைச் சாத்திக்கிடட்டுமா?"

"சாத்துங்கக்கா. என்னாச்சு?"

ஜெனோவா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "தண்ணியாப் போவுது. வெள்ளைப்பாடு மாதிரி இல்ல. சும்மா பச்சத்தண்ணி. சீலை நனையுற அளவுக்கு. மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சுது, இன்னும் நிக்கல. நாள் பூரா தண்ணிக்குள்ளயே கெடக்க, பெறவு நனையாம என்ன செய்யும்னு அவுக சிரிக்காக. இப்ப ரெண்டு தடவையா அவுகளோட சேர்ந்ததுக்குப் பெறவு ரத்தமும் பட்டுது."

நிலோபர் திரையைத் திரும்பிப் பார்த்தாள். ஜெனோவாவின் புள்ளி பச்சையாக இருந்தது.

"வாசல்ல இருக்கிற நலவாணி எந்திரத்துகிட்ட சொன்னீங்களா?"

"மூணாவது தடவையாச் சொல்லியாச்சு. அந்தப் பொட்டி ஒரே பாட்டத்தான் பாடுது. உங்கள் காவல்மணி நலம் காட்டுகிறது, போதிய நீர் அருந்தவும். அது பச்சைன்னு சொல்லுது, நான் ஈரம்னு சொல்லுதேன். நீங்க யாரை நம்புவீக, டாக்டரம்மா?"

நிலோபர் படித்த படிப்பில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை.

காவல்மணி ஒரு மிளகு அளவுதான் இருக்கும். பதினெட்டு வயதானதும் ஒவ்வொரு பெண்ணும் தன் கையாலேயே அதை வைத்துக்கொள்வாள். கருப்பை வாயருகே அது ஒட்டிக்கொண்டு, அங்கே உதிரும் செல்களையும் ஊறும் நீரையும் ஓயாமல் சோதிக்கும். கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸின் சாயல் தெரிந்தால் உடனே கூப்பிடும். சிறு வயதிலேயே போடும் தடுப்பூசி ஒரு பக்கம், காவல்மணி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அந்த நோயை ஒரே தலைமுறையில் விரட்டிவிட்டன. முன்பு பெண்களைப் படுக்க வைத்து, காலை விரிக்கச் சொல்லி, உலோகக் கருவியை உள்ளே விட்டு, செல்களைச் சுரண்டி எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் பெருக்கிக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அந்த வேலைக்கெல்லாம் இனித் தேவையில்லை என்று ஆனபோது பெண்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் பிள்ளையாகப் பிறந்ததுதான் தொடாச் சட்டம். காவல்மணி கூப்பிடாமல் எந்த மருத்துவரும் எந்தப் பெண்ணின் உடலுக்குள்ளும் பார்க்கக் கூடாது. பார்த்தால் உரிமம் போகும்.

நல்ல சட்டம் என்றுதான் நிலோபர் அதுவரை நினைத்திருந்தாள். கருப்பை வாயை அவள் படத்தில் பார்த்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிலும் பாதிப் பேர் பார்த்ததில்லை.

"எனக்கு ரெண்டு நாள் கொடுங்கக்கா," என்றாள். "உங்களை நம்பாம கேக்கல. எதைத் தேடணும்னு எனக்குத் தெரியணும்."

ஜெனோவா எழுந்தாள். கதவருகே போய் நின்றாள். "எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்ல, டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியுந்தான. அதையும் மனசுல வச்சுக்கிடுங்க."

அன்றும் மறுநாளும் நோயாளிகள் வராத நேரமெல்லாம் நிலோபர் பழைய மருத்துவ நூல்களைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். யாரும் தொடாமல் கிடந்த பக்கங்கள். எல்லாமே வைரஸைப் பற்றித்தான் பேசின. கடைசியில் ஓர் அத்தியாயத்தின் வாலில், போகிற போக்கில் சொன்னது போல், ஒரு பத்தி இருந்தது. கருப்பை வாயில் வரும் புற்றுகளில் மிகச் சிறிய பங்கு எந்த வைரஸும் இல்லாமலே வரும். கால்வாயின் உள்ளிருக்கும் சுரப்பிகளில் தொடங்கும். அறிகுறி என்று பார்த்தால் தண்ணீர் போலக் கசியும், அவ்வளவுதான். வைரஸ் இல்லாததால் வைரஸைத் தேடும் சோதனைகளுக்கு அது அகப்படாது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். விஷயம் கண்ணாடி போலத் தெரிந்துவிட்டது. பெரிய பங்கு ஒழிந்தபோது நோயே ஒழிந்தது என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அந்தச் சின்னப் பங்கை யாரும் ஒழிக்கவில்லை. மறந்து மட்டும் போனார்கள். அதற்குப் பிறகும் சில பெண்கள் அதில் செத்திருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் வயிற்றுக்குப் பரவிய பிறகு, வேறு ஏதோ பெயரில்.

மாநில நல இயக்குநர் டாக்டர் பெருந்தேவியிடம் திரை வழியே பேச அவளுக்கு அனுமதி கிடைத்தது. தொடாச் சட்டத்தை எழுதிய குழுவில் வயதில் சிறியவராக இருந்தவர் பெருந்தேவி. இப்போது தலை பாதி நரைத்திருந்தது. நிலோபர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். குறுக்கே பேசவில்லை.

"நீங்க சொல்ற வகை இருந்ததுன்னு எனக்கும் தெரியும்," என்றார். "ஆனா அதுக்காகக் கதவைத் திறந்தா என்ன ஆகும்? ஒருத்திக்காகத் திறப்பீங்க. அப்புறம் ஆளாளுக்குச் சந்தேகம்னு சொல்லித் திறப்பாங்க. பழைய காலம் உங்களுக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்கு இந்த நோய்தான். ரத்தம் பட ஆரம்பிச்சு ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. ஏன் தெரியுமா? படுக்க வச்சுப் பாப்பாங்கன்னு பயம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை போனப்ப, ஏதோ மாட்டைப் பாக்கிற மாதிரி பாத்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு வார்த்தை பேசாம அனுப்பியிருக்காங்க. அந்த வெக்கத்துலயே செத்தாங்க. இனி எந்தப் பொண்ணும் அப்படிப் படுக்கக் கூடாதுன்னுதான் இந்தச் சட்டம்."

அந்தக் கோபம் நியாயமானது என்று நிலோபருக்குத் தெரிந்தது.

"மேடம், உங்க அம்மாவை அவங்க கேக்காம பாத்தாங்க. மனுஷியா நினைக்காம பாத்தாங்க. இந்த அக்கா பாருங்கன்னு அவங்களே வந்து கேக்கிறாங்க. பாக்க மாட்டேன்னு சொல்றதும் அவங்களை மதிக்காத மாதிரிதானே?"

பெருந்தேவியின் முகம் இறுகியது. "மணி கூப்பிடல. சட்டம் தெளிவா இருக்கு. மீறினா உரிமத்தை என்னால காப்பாத்த முடியாது, டாக்டர்."

திரை அணைந்தது. நிலோபர் தட்டில் ஆறிப்போயிருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாப்பா அவளை மருத்துவம் படிக்க அனுப்பும்போது ஊரெல்லாம் சீனி வழங்கினார். உரிமம் போனால் அவருக்கு என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. ஜெனோவா கதவருகே நின்று சொன்னதும் வந்தது. இரண்டாவது நினைப்பு முதலாவதை விடக் கனமாக இருந்தது. அவள் எழுந்து கை கழுவினாள்.

விரிப்பான் என்ற அந்தப் பழைய உலோகக் கருவி நாட்டில் எங்கும் விற்பனையில் இல்லை. பழைய வரைபடத்தை எடுத்து, மிதவூர்ப் பட்டறையிலிருந்த முப்பரிமாண அச்சு எந்திரத்தில் அவளே அதை வார்த்தாள். வாத்து அலகு போல இரண்டு தகடு, நடுவே ஒரு திருகு. விளிம்புகளை மழமழவென்று தேய்த்தாள். முதலில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனக்கே வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தால் உடல் இறுகிக்கொள்கிறது, வெந்நீரில் நனைத்தால் இளகிக் கொடுக்கிறது, அவசரப்பட்டுத் திருகினால் கண்ணில் நீர் வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. எந்த நூலும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பெருக்கிக்கண்ணாடிக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஜெனோவா சிரித்தே விட்டாள்.

"எங்கிட்டயே இருக்கே! சிப்பிக்குள்ள பாக்கதுக்கு வச்சிருக்கம்லா, ரெண்டு கண்ணுக்கும் சேத்து. வெளக்கும் அதுலயே இருக்கு. பச்சை வெளிச்சம் வேணும்னாலும் போட்டுக்கிடலாம்."

"பச்சை வெளிச்சமும் வேணும்க்கா. ரத்தக்குழாயெல்லாம் அதுல கருப்பாத் தெரியுமாம்."

"எங்களுக்கும் அதுக்குத்தான்," என்றாள் ஜெனோவா. பிறகு நிலோபரை நேராகப் பார்த்தாள். "டாக்டரம்மா, இதனால உங்க வேலைக்கு ஏதும் வந்துருமா?"

"வரலாம்."

"பெறவு எதுக்கு?"

"நீங்க ஈரம்னு சொல்றீங்க. நான் உங்களை நம்புறேன். அதான்."

ஜெனோவா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு ஜெனோவா வந்தாள். பெருக்கிக்கண்ணாடியைத் துணியில் பொதிந்து, கைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தாள். நிலோபர் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு மேசையில் சுத்தமான விரிப்பைப் போட்டிருந்தாள். ஒரு கிண்ணத்தில் நீர் கலந்து அளவாக்கிய வினிகர். இன்னொன்றில் அயோடின். பஞ்சு, ஒரு கவ்வி, ஃபார்மலின் ஊற்றிய சின்னக் குப்பி.

"படுங்கக்கா. ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் செய்வேன். எந்த இடத்துல நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திருவேன்."

"சரி."

"இப்ப கை வைக்கப் போறேன். இப்ப விரிப்பான் வருது. வெந்நீர்ல நனைச்சிருக்கேன். மூச்சை விடுங்க... இன்னும் கொஞ்சம் விடுங்க. வலிக்குதா?"

"வலி இல்ல. ஒரு மாதிரி இருக்கு, அம்புட்டுதான்." ஜெனோவா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் சிப்பியைத் தொறக்கச்சே இப்படிச் சொல்லிட்டுத் தொறக்கதில்ல. இனிமே சொல்லணும் போல."

நிலோபருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியில் கண்களைப் பொருத்தி, விளக்கைச் சரிசெய்தாள். மங்கலாக இருந்த செம்மை மெல்லக் கூர்மையாகி ஒரு வட்டமானது. நடுவே ஒரு சின்ன வாய். ஓரமாக மிளகு போலக் காவல்மணி.

படங்களில் பார்த்தது போல இல்லை. படங்களில் அது ஓர் உறுப்பு. இங்கே ஈரமாக, உயிரோடு, மூச்சுக்கு மூச்சு லேசாக அசைந்தது. ஒரு நொடி அவள் எதற்காகப் பார்க்கிறோம் என்பதையே மறந்துபோனாள்.

"என்ன டாக்டரம்மா, பேச்சையே காணோம்?"

"நல்லாத் தெரியுதுக்கா. இப்ப வினிகர் தடவப் போறேன். கெட்ட செல் இருந்தா அந்த இடம் வெளுக்கும். கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், லேசா எரியலாம்."

பஞ்சை நனைத்து வட்டம் முழுதும் ஒற்றினாள். காத்திருக்க வேண்டும் என்று நூல் சொல்லியிருந்தது. காத்திருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்ன வாயின் இடது உதட்டருகே, பாலாடை படிவது போல, ஒரு வெண்மை எழும்பியது. சுற்றியிருந்த செம்மை அப்படியே இருக்க, அந்த இடம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. அதன் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. உள்பக்கமாக ஏறிக் கால்வாய்க்குள் மறைந்தது. பச்சை வெளிச்சத்தைப் போட்டாள். அந்த வெண்மைக்குள் ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி, ஒழுங்கில்லாமல் ஓடின. அங்கிருந்து ஒரு துளி தெளிந்த நீர் ஊறி வழிந்தது.

அவள் மூச்சை மெல்ல விட்டாள். "இருக்குக்கா. நீங்க சொன்னது சரி."

ஜெனோவா கண்களை மூடித் திறந்தாள். "காட்டுங்க."

"பாக்கணுமா?"

"என்னோடதுல்லா? நான் பாக்க வேண்டாமா?"

நிலோபர் கண்ணாடியின் படத்தைச் சுவர்த்திரைக்கு மாற்றினாள். பெயர்களும் புள்ளிகளும் மறைந்து, அந்தத் திரை முழுதும் ஜெனோவாவின் கருப்பை வாய் நிறைந்தது. ஜெனோவா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சிப்பி வேலை பழகிய கண்ணோடு, விளிம்பைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள்.

"அந்த வெள்ளையா?"

"அதேதான். ஒரு சின்னத் துண்டு எடுக்கணும். எடுக்கும்போது நான் சொன்னதும் நல்லா இருமணும். இருமுற நேரத்துல கிள்ளினா அவ்வளவாத் தெரியாது."

ஜெனோவா இருமிய இருமலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கவ்வி கிள்ளி எடுத்த துண்டு குப்பிக்குள் மிதந்தது. கால்வாய்க்குள்ளிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுத்தாள். கடைசியாக அயோடின் தடவி, பழுப்பு ஏறாமல் நின்ற கெட்ட பகுதியின் எல்லையைப் படம் பிடித்துக்கொண்டாள். விரிப்பானை மூடி வெளியே எடுத்து, "முடிஞ்சிருச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் தன் முதுகு முழுக்க வேர்த்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

துண்டைப் படிக்க ஆள் வேண்டும். மாநிலத் திசுக்கூடத்தை இயக்குவதும் நலவாணிதான். அது வைரஸால் கெட்ட செல்களைப் பார்த்துப் பழகியது. இப்படியொரு மாதிரிக்கு அங்கே குறியீடே கிடையாது என்று உடனே திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் மிதவூரில் சிப்பி நோய்களை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. டாக்டர் சேர்மக்கனி என்ற ஆராய்ச்சியாளர் அங்கே சிப்பித் திசுக்களை மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். நிலோபர் குப்பியோடு அவர் முன் போய் நின்றாள்.

"இது மனுஷத் திசு. உங்க வேலை இல்லைன்னு தெரியும் சார்."

"சீவிச் சாயம் ஏத்தித் தாரேன். அதுக்கு மனுஷன் என்ன, சிப்பி என்ன? படிக்கிறதுதான் கஷ்டம்," என்றார் அவர். "நல்ல திசு எப்படி இருக்கும்னு படம் வச்சிருக்கீங்களா? ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒப்பிட்டுப் பாப்போம்."

பழைய படங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். நல்ல சுரப்பிகளில் செல்கள் வேலிக்கம்பு போல நெருக்கமாக, கருக்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். இங்கே வரிசை கலைந்திருந்தது. கருக்கள் பருத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஆனால் சுரப்பிகளின் வெளிச்சுவர் எங்கும் உடையவில்லை.

"கெட்டது. ஆனா இன்னும் வேலி தாண்டல," என்றார் சேர்மக்கனி.

"புற்றுக்கு முந்தின நிலை," என்றாள் நிலோபர். "அப்பன்னா வெட்டி எடுத்திரலாம், சார். முழுசா எடுத்திரலாம்!"

அன்று பிற்பகலே அவள் பெருந்தேவிக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள். கண்ணாடிப் படம், திசுப் படம், தான் செய்ததன் முழு விவரம். கடைசியில் ஒரு வரி: 'சட்டத்தை மீறியது நான். நோயாளியின் சிகிச்சை தாமதமாகக் கூடாது.'

பதில் திரையில் வரவில்லை. மறுநாள் காலைப் படகில் பெருந்தேவியே வந்து இறங்கினார். நேராகச் சிப்பிக் கூடத்துக்குப் போய் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். நிலோபரும் சேர்மக்கனியும் பின்னால் நின்றார்கள். கூடத்தில் தொட்டிகளுக்குள் நீர் பாயும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு ஜெனோவாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஜெனோவா வேலைமேசையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இவங்க உங்களைப் பாத்தப்ப எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார் பெருந்தேவி. "எதையும் மறைக்காம சொல்லுங்க."

"என்னத்த மறைக்க?" என்றாள் ஜெனோவா. "ஒவ்வொண்ணுக்கும் சொல்லிட்டுச் செஞ்சாக. எனக்கே படத்தைக் காட்டுனாக. இம்புட்டு நாளா அந்தப் பொட்டி எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லச்சொல்ல, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு இருந்துச்சு. இவுக பாத்ததுக்குப் பெறவு, நோய்னு தெரிஞ்சும், அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

பெருந்தேவி தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் இயக்குநரின் குரலாகவே இருந்தது.

"டாக்டர் நிலோபர், உரிமத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். ஆபரேஷனுக்கு எப்ப ஏற்பாடு பண்ணலாம்?"

தூத்துக்குடியில் அறுவை நடந்தது. அறுவைக்கூடத்தின் எந்திரக்கை, காவல்மணி தராத வரைபடத்தை ஏற்காமல் அடம் பிடித்தது. அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கத்தி பிடிக்கத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் முன்வந்தார். நிலோபர் அவர் பக்கத்தில் நின்று மறுபடியும் வினிகரும் அயோடினும் தடவி எல்லையைக் காட்டினாள். கெட்ட பகுதியை மட்டும் கூம்பு வடிவில், ஒரே துண்டாக வெட்டி எடுத்தார்கள். கருப்பையை யாரும் தொடவில்லை.

வெட்டிய துண்டின் விளிம்புகளைப் படித்த முடிவு வரும்வரை ஜெனோவாவின் கணவன் ரொசாரி ஆஸ்பத்திரி வராந்தாவை அளந்துகொண்டே இருந்தான். சிரித்தவன் அவன்தான். அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான். நிலோபர் வராந்தாவின் மறுமுனையில் தோன்றியபோது, அவள் நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். அதிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எல்லா விளிம்பும் சுத்தமா இருக்கு! ஒண்ணும் மிச்சமில்ல!"

சொல்லிக்கொண்டே இருவரும் அறைக்குள் நுழைய, கட்டிலில் படுத்திருந்த ஜெனோவா போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஒரு கையால் ரொசாரியின் சட்டையையும் மறு கையால் நிலோபரின் கோட்டையும் பிடித்து இழுத்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"பிள்ளை பெத்துக்கிடலாமா, டாக்டரம்மா?"

"உடம்பு தேறட்டும். அடிக்கடி நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆனா, பெத்துக்கலாம். தாராளமாப் பெத்துக்கலாம்."

"ஏ, கேட்டீகளா? தாராளமாவாம்!" என்று ரொசாரியை உலுக்கினாள் ஜெனோவா. அவன் அழுதுகொண்டே தலையை ஆட்டினான்.

விஷயம் மிதவூரோடு நிற்கவில்லை. மாநிலம் முழுவதும், காவல்மணி பச்சை காட்டியும் நீர்க்கசிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லி பெருந்தேவி உத்தரவு போட்டார். தேடியதில், திருநெல்வேலியில் ஒரு பள்ளி ஆசிரியை, வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டப் பெண், இன்னும் சிலர் கிடைத்தார்கள். எல்லோருக்கும் நேரத்தோடு சிகிச்சை நடந்தது. தொடாச் சட்டம் கிழித்தெறியப்படவில்லை. அதில் ஒரு பிரிவு சேர்ந்தது. எந்தப் பெண்ணும் தன்னைப் பார்க்கும்படி கேட்டால், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அவள் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். நிலோபரின் உரிமத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இளம் மருத்துவர்கள் படகு ஏறி அவளிடம் பழக வந்தார்கள்.

புதிய விதி நடைமுறைக்கு வந்த நாளில் மிதவூர் மருத்துவமனை வாசலில் பெண்கள் கூட்டம் தெருமுனை வரை நின்றது. எல்லோருக்கும் சந்தேகம் என்றில்லை. பாதிப் பேர் சும்மா தெரிந்துகொள்ள வந்தவர்கள். சிப்பித் தோட்டத்துப் பெண்கள் வேலை உடுப்போடு நின்றார்கள். புதுப் பெண்ணொருத்தி மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். வேலைக்குத் திரும்பியிருந்த ஜெனோவா அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வாசலில் நின்று ஒழுங்குபடுத்தினாள். பயந்தவர்களைத் தோளில் தட்டினாள். "இருமச் சொன்னா நல்லா இருமுங்கட்டி, வெக்கப்படாதீக!" என்று அவள் கத்தியதில் கூட்டமே சிரித்தது.

நண்பகலுக்குச் சற்று முன்பு வெளியே எட்டிப் பார்த்த நிலோபர் திகைத்துப்போனாள். வரிசையின் நடுவில், சாதாரணப் பருத்திச் சேலையில், கைப்பையை மார்போடு அணைத்தபடி பெருந்தேவி நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நீங்க நேரா உள்ள வாங்க."

"வரிசை எதுக்கு இருக்கு? என் முறை வரட்டும்."

முறை வந்தது. மேசையில் படுத்ததும் அவருடைய கைகள் விரிப்பின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டன. மாநிலத்தின் நல இயக்குநர் இவர் என்பதை நிலோபர் அந்த நிமிடத்தில் மறந்துபோனாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. நானும் யாரையும் பாக்கச் சொன்னதில்ல."

"அவசரமே இல்ல. நீங்க சொல்லுங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்."

ஜன்னல் திரைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். ஒரு படகு ஊதிவிட்டுப் போனது. பெருந்தேவி ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். "ம்" என்றார்.

நிலோபர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். கண்ணாடியில் குனிந்தாள். வினிகரைத் தடவிக் காத்திருந்தாள். வட்டம் முழுதும் ஒரே சீராக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. எந்த இடமும் வெளுக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை, பொறுமையாக, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமே இல்ல. ரொம்ப நல்லா இருக்கு."

பெருந்தேவி கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதோரமாக நீர் வழிந்து தலையணையை நனைத்தது.

"நீங்களே பாத்தீங்களா?"

"நானே பாத்தேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். நிலோபரின் கையை எடுத்து ஒருமுறை அழுத்திவிட்டு, கதவை அகலத் திறந்துகொண்டு வெயிலுக்குள் போனார். வாசலில் ஜெனோவா அடுத்தவளை உள்ளே அழைத்தாள்.